கியூ ஆவணக் காப்பகக் கோப்புகளைப் படமெடுத்துத் தரும் சேவை: பெங்களூரிலிருந்து ஒரு மதிப்பீடு

லண்டனின் மேற்குப் பகுதியான கியூவில் பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. அங்கே நேரில் போக முடியாதவர்களுக்காக, வாசகர் அட்டை வைத்திருக்கும் தனி ஆய்வாளர்கள் கட்டணம் பெற்றுக்கொண்டு கோப்புகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்புகிறார்கள். வாசகர்கள் சொந்தக் கேமராவால் படமெடுத்துக்கொள்ளக் காப்பகம் அனுமதிப்பதால் இந்தத் தொழில் நடக்கிறது. அப்படிப்பட்ட ஒருவரின் சேவையைப் பெங்களூரில் இருந்தபடியே பயன்படுத்தியதைப் பற்றி இங்கே எழுதுகிறேன். அவர் தனி மனிதர் என்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை. இந்தப் பணியைச் செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள். யாரை அமர்த்தினாலும் கீழே சொல்பவை பெரும்பாலும் பொருந்தும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொடுத்த பணத்துக்கு மேலான பயன் கிடைத்தது. ஆனால், என்ன வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதிக் கேட்கத் தெரிந்தவருக்குத்தான் அந்தப் பயன் கிடைக்கும்.

ஜாலஹள்ளியிலும் சி.வி. ராமன் நகரிலும் ரேடார் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழர்கள் இந்த ஊரில் கணிசமாக உண்டு. அல்சூரில் எங்களில் சிலர் கூடிப் பேசும்போது அடிக்கடி எழும் கேள்வி ஒன்றுதான்: ரேடார் சொன்ன இடத்துக்குப் போய் ஒரு விமானம் இன்னொரு விமானத்தை உண்மையிலேயே கண்டுபிடித்தது எப்போது, எப்படி? புத்தகங்களில் பதிலுக்குப் பஞ்சமில்லை. ஒரு புத்தகம் மற்றொன்றைப் பார்த்து எழுதியிருப்பதால் அதே வாக்கியம் ஐந்தாறு இடங்களில் வருகிறதே தவிர, அந்த இரவின் காகிதங்களை எதிரெதிரே வைத்துப் பார்த்தவர்கள் குறைவு. அந்தக் காகிதங்களைத் தேடித்தான் இந்தச் சேவைக்குப் போனோம்.

ஆளை அமர்த்துவதற்கு முன், காப்பகத்தின் இணையதளத்திலேயே தரவிறக்கிக்கொள்ளக் கூடியவை எவை என்று பார்த்துவிட வேண்டும். விமானப்படை ஸ்குவாட்ரன்களின் தினசரிச் செயற்பாட்டுப் பதிவேடுகள் 'ஏர் 27' என்ற வரிசையிலும், விமானிகளின் சண்டை அறிக்கைகள் 'ஏர் 50' வரிசையிலும் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போர்க்காலத்துக்கு உரியவற்றில் பெரும்பகுதி மின்படிகளாகவே கிடைக்கின்றன; அவற்றுக்கு யாருக்கும் பணம் கொடுத்துப் படமெடுக்கச் சொல்லத் தேவையில்லை. ஆனால் விமானத் தளங்களின் பதிவேடுகள் ('ஏர் 28'), பலவகைச் சிறு பிரிவுகளின் பதிவேடுகள் ('ஏர் 29'), போர் விமானத் தலைமையகத்தின் கோப்புகள் ('ஏர் 16'), ரேடார் ஆராய்ச்சி நிலையத்தின் கோப்புகள் ('ஏவியா 7') ஆகியவை பெரும்பாலும் காகிதமாகவே இருக்கின்றன. நம் கேள்விக்கான விடை பெரிதும் இந்த இரண்டாவது வகையில்தான் இருக்கிறது.

பட்டியலில் தேடுவதற்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. 'ரேடார்' என்று தட்டச்சு செய்தால் 1940ஆம் ஆண்டின் முக்கியக் கோப்புகள் தப்பிவிடும். பிரிட்டன் அந்தப் பெயரை ஏற்றதே 1943இல்தான். அதற்கு முன் அவர்கள் எழுதியது 'ஆர்.டி.எஃப்.' என்று. விமானத்தில் பொருத்திய கருவிக்கு 'ஏ.ஐ.' என்றும், தரையிலிருந்து வழிநடத்தும் நிலையத்துக்கு 'ஜி.சி.ஐ.' என்றும் எழுதினார்கள். இவற்றைப் புள்ளியோடும் புள்ளியில்லாமலும் தேட வேண்டும்.

தரவிறக்கிய சண்டை அறிக்கைகள் மட்டும் ஏன் போதாது என்பதை அந்தப் படிவத்தைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். அச்சிட்ட அந்தத் தாளில் வரிசைக்கு ஓர் ஆங்கில எழுத்து. 'ஜி' என்ற வரி தாக்கிய நேரத்துக்கு, 'எச்' இடத்துக்கு, 'ஜே' எதிரி விமானத்தின் உயரத்துக்கு. இடையில் 'ஐ' கிடையாது, எண்ணோடு குழம்பிவிடும் என்பதால் விட்டிருக்க வேண்டும். இரவுச் சண்டைக்கென்று 'என்' என்ற வரி உண்டு: தேடொளி விளக்கு எதிரியை ஒளியில் பிடித்ததா, இல்லையென்றால் இலக்குக்கு முன்னே விழுந்ததா பின்னே விழுந்ததா என்று அது கேட்கிறது. ரேடாருக்கு ஒரு வரியும் இல்லை. இரவில் எதிரியைக் காட்டுவது தேடொளி விளக்குதான் என்ற நம்பிக்கையில் அச்சிட்ட படிவம் அது. எனவே ரேடாரின் பங்கு என்னவாக இருந்தாலும் அது கடைசியில் 'ஆர்' என்ற பொது விவரணைக்குள் ஒளிந்திருக்கும். அல்லது ரகசியம் கருதி எழுதப்படாமலே போயிருக்கும். 1940 நவம்பர் 19-20 இரவில் 604ஆம் ஸ்குவாட்ரனின் ஜான் கன்னிங்ஹாம், ரேடார் இயக்கிய ஃபிலிப்சன் துணையோடு பியூஃபைட்டர் ரகப் போர் விமானத்தில் சென்று யுங்கர்ஸ் 88 ரக ஜெர்மன் குண்டுவீச்சு விமானம் ஒன்றை வீழ்த்தினார். அதில் விளக்கின் பங்கு எவ்வளவு, கருவியின் பங்கு எவ்வளவு என்று எடைபோட ஒரு தாள் போதாது. அந்த ஸ்குவாட்ரன் இருந்த மிடில் வாலப் தளத்தின் பதிவேடும் வேண்டும், தலைமையகத்துக்குச் சென்ற கடிதங்களும் வேண்டும்.

நாங்கள் முதலில் கேட்டது 1940 ஜூலை 22-23 இரவைச் சுற்றியுள்ள கோப்புகளை. விமானத்தில் இருந்த ரேடாரின் துணையோடு எதிரி விமானம் ஒன்று வீழ்ந்த முதல் நிகழ்வு என்று பரவலாக ஏற்கப்பட்ட இரவு அது. அந்த ஆண்டு ஏப்ரலில் டாங்மியர் தளத்தில் உருவான போர் விமான இடைமறிப்புப் பிரிவு, ப்ளென்ஹைம் விமானங்களில் ரேடாரைப் பொருத்திப் பழகிக்கொண்டிருந்தது. அன்று விமானத்தை ஓட்டியவர் கிளின் ஆஷ்ஃபீல்ட்; உடன் இருந்தவர்கள் பார்வையாளர் ஜெஃப்ரி மோரிஸ், ரேடார் திரையைப் பார்த்த ரெஜினால்டு லேலண்ட். போலிங்கில் இருந்த கரையோர ரேடார் நிலையம் எதிரியின் இருப்பிடத்தைச் சொல்ல, அங்கே சென்ற ப்ளென்ஹைம் தன் கருவியில் இலக்கைப் பிடித்து, நெருங்கி, டோர்னியர் 17 ரகக் குண்டுவீச்சு விமானத்தைச் சஸ்ஸெக்ஸ் கரைக்கு அப்பால் கடலில் வீழ்த்தியது.

கரையோர நிலையங்கள் பத்து மீட்டருக்கும் மேற்பட்ட அலைநீளத்தில் இயங்கியவை. வெகுதொலைவில் வரும் விமானக் கூட்டத்தைச் சொல்வதில் வல்லவை. ஆனால், அவை சொல்லும் இடத்தில் சில கிலோமீட்டர் பிழை இருக்கும். பகலில் அந்தப் பிழை பொருட்டல்ல. விமானி கண்ணால் பார்த்துச் சரிசெய்துகொள்வார். இரவில் அவர் கண்ணுக்கு எட்டுவது சில நூறு மீட்டர்தான். இந்த இடைவெளியை நிரப்பத்தான் பிரிட்டிஷ் இயற்பியலாளர் எட்வர்ட் போவெனின் குழு ஒன்றரை மீட்டர் அலைநீளக் கருவியை விமானத்துக்குள் கொண்டுவந்தது. அதற்கு இரண்டு எல்லைகள் இருந்தன. அனுப்பிய ரேடியோ அலைத் துடிப்பு கீழே தரையில் பட்டுத் திரும்பித் திரையை மூடிவிடுவதால், விமானம் பறக்கும் உயரத்துக்கு மேற்பட்ட தொலைவில் உள்ள எதையும் பார்க்க முடியாது. 15,000 அடி உயரத்தில் பறந்தால் பார்வையும் ஏறக்குறைய 15,000 அடிதான். மறுபுறம், அனுப்பும் துடிப்பு முடிந்து ஏற்பி விழித்துக்கொள்ளும்வரை அருகிலுள்ள எதிரொலி தெரியாது. துடிப்பின் நீளம் ஒரு மைக்ரோ விநாடி என்றால், கணக்குப்படியே 150 மீட்டருக்குள் குருடு; நடைமுறையில் அதைவிட அதிகம். கருவி கைவிடும் தொலைவுக்கும் கண் பற்றிக்கொள்ளும் தொலைவுக்கும் நடுவே இடைவெளி இருந்தால், இலக்கு கைக்கெட்டியும் வாய்க்கெட்டாமல் போகும். 1940இல் வெறுங்கையோடு திரும்பிய இரவுகள் பெரும்பாலானவற்றின் கதை இதுதான். ஆகவே ஜூலை வெற்றியை மதிப்பிட, அதற்கு முன்னும் பின்னும் தோற்ற இரவுகளின் பதிவும் வேண்டும். வெற்றி நாளின் பக்கத்தை மட்டும் கேட்டு வாங்குபவருக்கு அது கிடைக்காது.

இதனால்தான், ஆய்வாளருக்கு எழுதும் கடிதத்தில் 'இந்தத் தேதிப் பக்கம் வேண்டும்' என்று கேட்காமல், 'இந்தக் கோப்பு முழுவதும், அட்டை முதல் அட்டைவரை வேண்டும்' என்று கேட்கும்படி சொல்கிறேன். நாங்கள் அமர்த்தியவர் நேர்மையானவர், விரைவாகப் பதில் எழுதுபவர், எழுத்துகள் தெளிவாகத் தெரியும்படி படமெடுப்பவர். எனினும் முதலில் வந்த தொகுப்பில் குறைகள் இருந்தன. தட்டச்சு செய்த பகுதி அழகாகச் சட்டத்துக்குள் வந்திருந்தது. இடது ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. அந்த ஓரத்தில்தான் பென்சிலால் எழுதிய திருத்தங்களும், தாளைப் பார்த்தவர்களின் சுருக்கொப்பங்களும் இருந்தன. பாதி எழுத்து மட்டும் தெரிந்த நிலையில் அவற்றைப் படிக்க முடியவில்லை. பின்பக்கம் வெற்றுத்தாள் என்று நினைத்து விட்டுவிட்ட இடங்களும் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, கோப்பின் பின்னால் மடித்து வைத்திருந்த பெரிய வரைதாள்கள் படமெடுக்கப்படவில்லை. விமானத்தின் பாதையை மெல்லிய தாளில் வரைந்து பக்கத்தில் நிமிடங்களைக் குறித்திருக்கும் அவைதான் எங்களுக்கு மிக அவசியமாக இருந்தவை.

குறையை விளக்கி எழுதியதும் அவர் மறுப்பேதும் சொல்லாமல் மீண்டும் சென்று எடுத்துத் தந்தார். வரைதாள்களுக்கு மட்டும் கூடுதல் கட்டணம் கேட்டார், அது நியாயமே. பெரிய தாளை மேசையில் விரித்து, பகுதி பகுதியாக ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி எடுத்திருந்தார். அவற்றைக் கணிப்பொறியில் இணைத்துப் பார்த்தபோது, கரிநகலில் மங்கிப்போன எண்களைக்கூடப் பெரிதாக்கிப் படிக்க முடிந்தது. படங்களின் பெயரில் வரிசை எண், கோப்பு எண், தாள் எண் மூன்றும் இருக்க வேண்டும் என்று கேட்டதையும் அடுத்த தொகுப்பில் ஒழுங்காகச் செய்தார். கேமரா தானாக இடும் பெயர்களோடு நூற்றுக்கணக்கான படங்கள் வந்தால், சில மாதங்களுக்குப் பிறகு எது எந்தக் கோப்பு என்று யாருக்கும் தெரியாது.

இத்தனை காகிதமும் வந்தபின் செய்யும் வேலை, எல்லாவற்றையும் ஒரே கடிகாரத்தில் ஏற்றுவது. இங்கேதான் பலருடைய ஆய்வு சறுக்குகிறது. எங்கள் நண்பர் ஒருவரின் மகள், மென்பொருள் துறையில் இருப்பவர், பிரிட்டிஷ், ஜெர்மன் என இரு தரப்பு நேரங்களையும் அட்டவணையாக்கிக்கொண்டிருந்தபோது, "மாமா, இது எல்லாமே ஒரு மணி நேரம் தள்ளித் தள்ளி நிக்குதே, இவங்க ரெண்டு பேர் கடிகாரமும் ஒண்ணுதானா?" என்று கேட்டார். சரியான கேள்வி. 1940 ஜூலையில் பிரிட்டன் கோடைகால நேரத்தில், அதாவது கிரீன்விச்சுக்கு 1 மணி முன்னால் இருந்தது. ஜெர்மனி 2 மணி முன்னால் இருந்தது. அந்த இலையுதிர்காலத்தில் பிரிட்டன் வழக்கம்போலக் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளவில்லை. 1941 மே 4 முதல் ஆகஸ்ட் 10 வரை இரட்டைக் கோடைகால நேரம் என்று மேலும் ஒரு மணி கூட்டியதால், அந்தக் காலத்தில் இரு நாட்டுக் கடிகாரங்களும் ஒத்துப்போயின. இதனால் ஜெர்மன் விமானி லுட்விக் பெக்கர், விமானத்தில் பொருத்திய ஜெர்மன் ரேடாரின் துணையோடு 1941 ஆகஸ்ட் 8-9 இரவில் பெற்ற வெற்றியை ஆராய்பவர் நேரத்தைக் கூட்டவோ கழிக்கவோ வேண்டியதில்லை. அதே வாரக் கடைசிக்குப் பிறகு நடந்த ஒன்றை ஆராய்பவர் ஜெர்மன் நேரத்திலிருந்து ஒரு மணியைக் கழிக்க வேண்டும். இதற்கு மேல், சில பிரிவுகள் உள்ளூர் நேரத்திலும் சில கிரீன்விச் நேரத்திலும் எழுதின. எந்த நேரம் என்று சொல்லும் குறிப்பு கோப்பின் தொடக்கத்திலோ எங்கோ ஒரு நிரந்தர உத்தரவிலோ ஒற்றை வரியாக இருக்கலாம். முழுக் கோப்பையும் எடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, பக்கத்துக்கு இவ்வளவு, கோப்புக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு என்று மூன்று வழக்கங்கள் உண்டு. பருமன் தெரியாத கோப்புக்கு மணிக் கணக்கே நல்லது என்பது என் கருத்து. பக்கக் கணக்கில் கேட்டால் 'வெற்றுத்தாளுக்கு ஏன் பணம்' என்ற எண்ணம் இரு தரப்பிலும் வந்து, பின்பக்கங்கள் விடுபடுகின்றன. காப்பகமே அதிகாரபூர்வமாக நகல் எடுத்துத் தரும் சேவையும் உண்டு. அச்சில் வெளியிடும் தரத்தில் ஒரு படமோ வரைபடமோ வேண்டுமென்றால் அங்கே கேட்பதுதான் முறை. தடித்த கோப்பு முழுவதையும் படிப்பதற்காக மட்டும் கேட்டால் செலவு மிகுந்துவிடும். இந்தியாவிலிருந்து பவுண்டில் பணம் அனுப்புவது சிக்கலில்லை. வங்கி கேட்கும் நோக்கக் குறியீட்டுக்கும் படிவத்துக்கும் ஆய்வாளரின் விலைப்பட்டியலைக் கையில் வைத்திருந்தால் போதும். ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் வங்கிக் கட்டணம் தனியாக விழுவதால், இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து கோப்புகளைப் பகிர்ந்துகொள்வது நல்லது. நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

இந்தச் சேவையால் தீராத குறையும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் மதிப்பீடு முழுமையாகாது. இடைமறிப்பு என்பது இருவர் கதை. கியூவில் இருப்பது பெரும்பாலும் ஒருவர் பக்கம். 1939 டிசம்பர் 18 அன்று ஜெர்மன் துறைமுகமான வில்ஹெல்ம்ஸ்ஹாவனை நோக்கிச் சென்ற வெலிங்டன் ரக பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்களைப் பாருங்கள். புறப்பட்டவை 24, வழியில் திரும்பியவை 2. மீதி 22ஐயும் வாங்கரோகே தீவில் இருந்த ஃப்ரெயா என்ற ஜெர்மன் ரேடார் சுமார் 113 கி.மீ. தொலைவிலேயே கண்டுவிட்டது. இவ்வளவு தெளிந்த வானத்தில் குண்டுவீச்சு விமானங்கள் பாதுகாப்பின்றி வருமா என்று மேலிடம் தயங்கியதால் போர் விமானங்கள் கிளம்பத் தாமதமாயிற்று. கிளம்பியபின் 12 வெலிங்டன்கள் அழிந்தன. ஜெர்மன் விமானிகள் வீழ்த்தியதாகக் கோரியதோ 38, வந்த விமானங்களைவிட அதிகம். பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன் பதிவேடு இழப்பைத் துல்லியமாகச் சொல்லும். ரேடார் செய்தி எத்தனை மணிக்கு யாரிடம் போனது என்பதை அதனால் சொல்ல முடியாது. அதற்கு ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரிலுள்ள ராணுவ ஆவணக் காப்பகத்துக்குத்தான் போக வேண்டும். போர் முடியும் தறுவாயில் ஜெர்மன் விமானப்படையின் காகிதங்களில் பெரும்பகுதி எரிக்கப்பட்டுவிட்டதால் அங்கும் முழு விடை கிடைக்குமென்று எதிர்பார்க்கக் கூடாது.

கடற்படைப் பக்கம் ஆர்வமுள்ளவர்கள் ஆய்வாளரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். அவை 'ஆட்மிரல்டி' வரிசையில் இருக்கின்றன. 1940இல் நார்வே கடலில் ஆர்க் ராயல் என்ற விமானந்தாங்கிக் கப்பலுக்கு ரேடார் இல்லை; உடன் சென்ற ஷெஃபீல்ட் கப்பலின் ரேடாரில் தெரிந்ததைக் கேட்டு வாங்கித்தான் சார்ல்ஸ் கோக் என்ற அதிகாரி தம் விமானங்களுக்கு வழி சொன்னார். கப்பலிலிருந்து போர் விமானங்களை வழிநடத்தும் கலை அப்படித் தொடங்கியது. ஓர் ஆய்வாளர் விமானப்படைக் கோப்புகளில் தேர்ந்தவராக இருந்தாலும் கடற்படைக் கோப்புகளில் தடுமாறலாம். எங்களவர் தமக்கு அதில் பழக்கம் குறைவு என்று முன்கூட்டியே சொன்னது அவர்மேல் மதிப்பைக் கூட்டியது.

இப்போது எங்கள் கவனம் நம் பக்கம் திரும்பியிருக்கிறது. 1940 அக்டோபரில் இங்கிலாந்தின் டரிங்டனில் முயற்சியாகத் தொடங்கிய தரைக்கட்டுப்பாட்டு முறை, சுழலும் ஆன்டெனாவும் வரைபடம்போலக் காட்டும் வட்டத்திரையும் கொண்டு ஒரே கட்டுப்பாட்டாளர் ஒரு விமானியோடு நேரடியாகப் பேசும் முறையாக வளர்ந்தது. பிறகு அது இந்தியாவுக்கும் வந்தது. 1943 ஜனவரியில் கல்கத்தாவின் டம்டம் தளத்தில் 176ஆம் ஸ்குவாட்ரன் ரேடார் பொருத்திய பியூஃபைட்டர்களோடு அமைந்தது. அந்த மாதம் 15ஆம் தேதி இரவு மாரிஸ் பிரிங் என்ற சார்ஜென்ட் விமானி மூன்று ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்களைச் சில நிமிடங்களுக்குள் வீழ்த்தினார். நான்கு நாள் கழித்து சார்ல்ஸ் கிராம்பி, தம் விமானம் தீப்பற்றிய நிலையிலும் சண்டையைத் தொடர்ந்தார். இந்த ஸ்குவாட்ரனின் பதிவேடு 'ஏர் 27' வரிசையில் இருப்பதால் அதற்கு ஆள் தேவையில்லை. கல்கத்தாவைச் சுற்றியிருந்த ரேடார் நிலையங்களின் பதிவேடுகளுக்குத்தான் அதே ஆய்வாளரை மறுபடியும் அமர்த்தியிருக்கிறோம். இந்த முறை கடிதத்தில் ஓரம், பின்பக்கம், மடித்த தாள் ஆகியவற்றோடு இன்னொன்றையும் சேர்த்து எழுதினோம்: நேரக் குறிப்பு எந்தப் பக்கத்தில் இருந்தாலும் அதைத் தவறாமல் எடுக்க வேண்டும் என்று. 1942 செப்டம்பர் முதல் போர் முடியும்வரை இந்தியக் கடிகாரம் கிரீன்விச்சுக்கு ஆறரை மணி முன்னால் ஓடியது, இன்றுள்ள ஐந்தரை மணி அல்ல. ஜப்பானியப் படையோ டோக்கியோ நேரப்படி ஒன்பது மணி முன்னால் இருந்தது.